ஏழெட்டு ஐம்பத்து நான்கு

பெனடிக்டின் கடைவாய்ப் பல்வலி நான்கு பேருக்குச் சமமாகப் பிரிந்த அந்தத் திங்கட்கிழமையை எங்கள் அலுவலகத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அன்றைக்குத்தான் கேன்டீனில் பொங்கலை நிறுத்திவிட்டு ஓட்ஸ் கஞ்சி போட்டிருந்தார்கள், எங்கள் ஆத்திரமெல்லாம் அதன்மேல் இருந்தது. ஒரே காரில் வந்த நால்வரும் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கஞ்சி ஊற்றிய வள்ளியம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காருக்குள்ள கண்ணாடிய ஏத்திவுட்டுட்டு ஒருத்தர் மூச்ச ஒருத்தர் குடிச்சுட்டு வந்தா இப்புடித்தான் ஆகும்" என்றாள். அது எங்களுக்குப் போதுமான விளக்கமாக இருந்தது.

நாங்கள் கோயமுத்தூரில் கீரணத்தம் பக்கம் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை பார்க்கிறவர்கள். கடல் தாண்டி இருக்கிற ஆஸ்பத்திரிகளில் யார் எத்தனை நாள் படுத்திருந்தார்கள், எத்தனை மாத்திரை விழுங்கினார்கள் என்று வருகிற தாள்களில் கூட்டலும் பெருக்கலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது எங்கள் தொழில். நானூறு பேர். நானூறு பேரும் தினமும் காலையில் ஆளுக்கொரு காரில், ஆளுக்கொரு பாட்டை அலறவிட்டுக்கொண்டு, சரவணம்பட்டி சிக்னலில் நாற்பது நிமிடம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்று, கட்டடத்துக்கு வந்து சேர்ந்ததும் வண்டி நிறுத்த இடமில்லாமல் காவலாளி மாரப்பனிடம் சண்டை பிடித்துவிட்டுத்தான் நாளைத் தொடங்குவோம். இதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் மேலிடம் ஒரு திட்டம் போட்டது. அதற்குக் 'கூடி வருவோம்' என்று பெயர் வைத்து, டிசம்பர் முதல் திங்கட்கிழமை, மனிதவள மேலாளர் கிருபாகரன் சார் பலூன் கட்டித் தொடங்கி வைத்தார்.

தனியாக ஒரு காரில் வருகிறவர் எதிரே இருக்கிற பொட்டல்காட்டில் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வர வேண்டும். நான்கு பேராக வருகிற காருக்குக் கட்டடத்தடியில் நிழல். முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள, நான்கு குச்சி மனிதர்கள் கைகோத்து நிற்கிற வட்டமான பச்சை ஸ்டிக்கர் ஒன்று. கார்க்காரர் மாறமாட்டார், ஏறுகிறவர்கள் மட்டும் திங்கள்தோறும் மாற வேண்டும். ஒரு வாரம் காரில் வந்தவர் மறுவாரம் பஸ்ஸில் வர வேண்டும், பஸ்ஸுக்கும் மதிப்பெண் உண்டு. ஒரே கும்பலாக ஒட்டிக்கொண்டால் நாங்கள் சங்கம் வைத்துவிடுவோம் என்று மேலிடத்துக்குப் பயமாம். வாரம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி, யார் எந்தக் காரில் என்று பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. என் பெயர் லோகநாயகி, வயது நாற்பத்திரண்டு, மாடி முழுக்க நான் லோகாக்கா. மூன்று தடவை ஊசியும் மருந்துமாகப் பார்த்தும் பிள்ளை தங்கவில்லை, ஆகவே எனக்கு நேரம் நிறைய இருக்கும் என்று கிருபாகரன் சார் தீர்மானித்துவிட்டார்.

பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய காருக்குள் எது ஏறினாலும் அது சமமாகப் பிரிந்தது. பல்வலிக்குப் பிறகு ஒருவருடைய காய்ச்சல் நான்கு பேருக்கு லேசான சூடாக வந்தது. மாமியாரிடம் சண்டை போட்டுவிட்டு ஏறியவளின் எரிச்சல், அந்த மாமியாரை ஒருநாளும் கண்டிராத மூன்று பேரை அந்த அம்மாளைத் திட்ட வைத்தது. சந்தோஷமும் அப்படியே பிரிந்தது என்பதால், கல்யாணமாகி இருபது நாளே ஆகியிருந்த மும்தாஜ் ஒரு வாரம் காரில் வந்து பார்த்துவிட்டு, "என்னோடது எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போயிட்டீங்க, நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப்பின் சந்தோஷமாக இருந்தவர்கள் எல்லாம் பஸ் ஏறினார்கள், மனசு சரியில்லாதவர்கள் எல்லாம் கார் கேட்டு என் மேசைக்கு வந்தார்கள். பெனடிக்டுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, கவலையும் இல்லை, பல்லும் பிடுங்கியாகிவிட்டது. அவனைத் தங்கள் காரில் போடச் சொல்லி எனக்கு முறுக்குப் பொட்டலம் கொண்டுவந்தவர்கள்கூட உண்டு. கிருபாகரன் சார் மட்டும் விடுப்பு எடுப்பது பாதியாகக் குறைந்துவிட்டது என்று படம் வரைந்து மேலிடத்துக்கு அனுப்பி, பாராட்டு வாங்கினார்.

கோகிலவாணி டிசம்பர் நடுவில்தான் வேலைக்குத் திரும்பினாள். என் எதிர் மேசைக்காரி, முப்பத்துநான்கு வயது. அவளுடைய ஒரே மகள் தன்ஷிகா, மூன்றாம் வகுப்பு, நவம்பர் மழையில் டெங்கு வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். திரும்பி வந்த கோகிலா சாப்பிடவில்லை, பேசவில்லை. கணினியை உயிர்ப்பிக்காமலே அதன் கறுப்புத் திரையை மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சிவப்புக் கார் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கென்றே வாங்கியது. அதைப் பொட்டல்காட்டில் நிறுத்திவிட்டு அவள் வெயிலில் நடந்து வருவதை ஏழாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தோம், எங்களுக்குப் பொறுக்கவில்லை. மாரப்பன்தான் முதலில் சொன்னான், "அந்தப் புள்ள காருக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி உடுங்கக்கா, ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கலாம்."

நாங்களாகவே முடிவு செய்து, நாங்களாகவே ஒட்டினோம். முதல் வாரம் அவள் காரில் நான், பெனடிக்ட், நாங்கள் கெஞ்சியதால் மும்தாஜ்.

பின்சீட்டின் இடப்பக்க ஜன்னலில் வெள்ளி நட்சத்திரங்கள் ஒட்டியிருந்தன. நான் அங்கே உட்கார்ந்தேன். ஓட்டுகிறவரின் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடி பின்னால் வருகிற வண்டிகளைப் பார்க்க வாகாக இல்லை. நான் உட்கார்ந்த அந்த மூலையில், என்னைவிட ஒரு முழம் குள்ளமான ஓர் ஆளின் முகத்துக்கு அளந்து சாய்த்து வைத்திருந்தது. கோகிலா அந்தக் கண்ணாடியின் பக்கம் கண்ணை ஓட்டாமலே வண்டியை எடுத்தாள். கணபதி தாண்டியதும் அதுவரை பேசாதவள் பேசினாள்.

"லோகாக்கா, காய்ச்சல்கூட பிரியுதாமுங்களே?"

"ஆமா அம்மிணி."

"இந்த ஸ்டிக்கரு ஒரு மாசம் முந்தி வந்திருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவ காய்ச்சல்ல பாதிய நான் வாங்கியிருப்பனே. ரெண்டு பேரும் கொஞ்சங் கொஞ்சமா கெடந்து எந்திரிச்சிருப்பமே."

சரவணம்பட்டி சிக்னலில் வண்டி நின்றது, பஸ் புகை வருகிறது என்று பெனடிக்ட் கண்ணாடிகளை ஏற்றினான், அப்போது பிரிந்தது. மும்தாஜ் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பெனடிக்ட் முன்னால் குனிந்து முழங்காலில் நெற்றியை முட்டிக்கொண்டான். எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனால் எனக்கு இன்னொன்றும் வந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தேன், கண்ணாடியில் ஒரு முகம் இருந்தது: வலது புருவத்தில் சின்னத் தழும்பு, முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்தது, ரெட்டைச் சடையில் ஒன்று மட்டும் எப்போதும் அவிழ்ந்தது, பேசுவதற்கு முன்னால் மூக்கைச் சுருக்குகிற வழக்கம். இருபது வருஷமாக நான் யாருக்காக வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேனோ, அவளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கட்டடத்தடியில் நிழலில் வண்டியை நிறுத்தியதும் கோகிலா, "பசிக்குதுங்க்கா" என்றாள். கேன்டீனில் அவள் நாலு இட்லி சாப்பிட்டதை நாங்கள் மூவரும் மூக்கைச் சிந்திக்கொண்டே பார்த்தோம், எங்களைப் போல நல்லவர்கள் ஊரிலேயே இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு கோகிலாவின் காருக்கு மட்டும் நான் சீட்டுக் குலுக்கவில்லை. மனசில் பாரமில்லாத ஆட்களாகப் பார்த்து, திங்களுக்கு மூன்று பேர் என்று எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு திங்களும் அவளிடம் மிஞ்சியிருந்தது நாலில் ஒன்றாகக் குறைந்தது. வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுவாரம் பஸ்ஸில் வந்து, அதற்கடுத்த வாரம் வேறொரு காரில் ஏறி அதை இன்னும் பரப்பினார்கள். பிய்க்க முடிந்ததெல்லாம் தோசை மாதிரிப் பிய்ந்தது. பழக்கவழக்கங்கள் ஜலதோஷம் மாதிரி எல்லாரையும் தொற்றின. பிய்க்க முடியாதவை முழுசாக யாரோ ஒருவரிடம் போய்த் தங்கின. எது யாரிடம் தங்கும் என்பதையும் போகப்போகத் தெரிந்துகொண்டோம்: அதை யார் அதிகம் வேண்டுகிறார்களோ அவர்களிடம்.

பொங்கல் கழிந்து ஒரு மாதத்துக்குள் எங்கள் கட்டடத்தில் தன்ஷிகா இல்லாத மாடி கிடையாது. கேன்டீனில் எல்லாரும் தயிர்சாதத்தில் உருளைக்கிழங்குச் சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டோம். வள்ளியம்மா அதற்கென்றே தினமும் மூன்று கிலோ சிப்ஸ் வாங்கினாள். பெண்பிள்ளை வாசனையே அறியாத பெனடிக்ட் நாடாக்கயிற்றில் ரெட்டைச் சடை பின்னப் பழகினான். ஸ்கூல் வேன் வருகிற மூன்றே முக்கால் மணிக்கு நானூறு பேரும் விரல்களை நிறுத்திவிட்டு வாசல் பக்கம் பார்ப்போம், யாரும் வராததால் மறுபடி தட்டுவோம். பல்லிக்குப் பயப்படாதவர்கள் பயந்தார்கள். ஐந்தாம் மாடியில் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த ராமசாமி சார், லிஃப்டில் தனியாகப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். கிருபாகரன் சாரே ஒரு கூட்டத்தின் நடுவில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுக்கு வருது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையை நாங்கள் நன்றாகவே வளர்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கோகிலா தேறிவிட்டாள். தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள், தெலுங்குப் படம் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னாள். மேலே இருந்த கண்ணாடியை யாரோ கேட்டுக்கொண்டபடி சாதாரணமாகத் திருப்பி, பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்து ஓட்டினாள். "பாருங்கக்கா, நம்ம ஆளுக எம்புட்டு நல்லது பண்ணியிருக்காங்க" என்று மாரப்பன் என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தான்.

நான் மட்டும் அந்த முதல் வாரத்துக்குப் பிறகு எந்தக் காரிலும் ஏறவில்லை. இடுப்பு வலி என்றேன், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன், பட்டியல் என் கையில்தானே இருந்தது, வாரா வாரம் என் பெயருக்கு நேரே பஸ் என்று எழுதிக்கொண்டேன். லோகாக்கா தன் பங்குத் துக்கத்தை யார் தலையிலும் தள்ளாமல் தானே சுமக்கிறாள் என்று பேச்சுப் பரவிவிட்டது. பொதுமக்களோடு பயணம் செய்ததற்காக எனக்கு ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் பரிசு கொடுத்து, படமெடுத்துக் கேன்டீன் வாசலில் மாட்டினார்கள். அந்தப் படத்தில் நான் மூக்கைச் சுருக்கியிருப்பேன், போய்ப் பாருங்கள்.

பிப்ரவரிக் கடைசியில் கடலுக்கு அப்பாலிருந்து புகார் வந்தது. ஏழு நோயாளிகள் எட்டு நாள் படுத்திருந்தால் மொத்தம் எத்தனை படுக்கை நாள் என்கிற இடத்தில் எங்கள் ஆட்கள் ஐம்பத்து நான்கு என்பதைச் சரி என்று விட்டிருந்தார்கள். ஒரு தாளில் அல்ல, அந்த மாதத் தாள்கள் எல்லாவற்றிலும். வேறு எந்தப் பெருக்கலிலும் பிழையில்லை, ஏழெட்டு மட்டும் ஐம்பத்து நான்கு. கிருபாகரன் சார் மாடி மாடியாக வந்து ஆளாளுக்குக் கேட்டார், "ஏழெட்டு எவ்வளவு?" எல்லாரும் யோசிக்காமல் ஐம்பத்து நாலு என்றோம். கரும்பலகையில் எழுதிக் காட்டினார், தலையாட்டிவிட்டு மறுபடியும் ஐம்பத்து நாலு என்றோம். கடைசியில் பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் வந்தது. நானூறு பேரில் ஒரே ஓர் ஆள் மட்டும் மாதம் முழுக்க ஏழெட்டை ஐம்பத்தாறு என்று திருத்தி அனுப்பியிருந்தாள். அவளுக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்துக் கைதட்டினோம். கோகிலவாணி அதை மடியில் வைத்துக்கொண்டு காரோட்டி வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவர் சிவராசு கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பைக்கில் போகிறவர், எங்கள் ஸ்டிக்கருக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. மறுநாள் கோகிலா என் மேசைக்கு வந்து நின்றுகொண்டே சொன்னாள்.

"அந்தப் பத்திரத்தப் பாத்துட்டு எங்கூட்டுக்காரரு ஏழெட்டு எத்தனன்னு கேட்டாருங்க்கா. அம்பத்தாறுன்னேன். சிரிச்சுட்டுத்தான் சொன்னேன். அவரு அப்புடியே படிக்கட்டுல உக்காந்துட்டாரு. காருல போறப்ப தெனமும் நீதான அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுப்ப, அவ ஏழெட்டு அம்பத்து நாலும்பா, நீ திருத்துவ, மறுக்கா ஓரெட்டுல இருந்து ஆரம்பிப்பா, ஸ்கூல் வர்ற வரைக்கும் இதே பாடுன்னு வந்து சிரிக்கச் சிரிக்க எங்கிட்டச் சொல்லுவியே, அது உனக்கு ஞாபகமில்லையான்னு கேட்டாருங்க்கா." அவள் குரல் அப்போதும் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்கு ஞாபகமில்லீங்க. போட்டோவ எடுத்துக் காட்டுனாரு. அழகான புள்ள. பக்கத்தூட்டுப் புள்ளயப் பாக்கற மாதிரி இருக்குது. அதப் பாத்து எனக்கு அழுகையே வல்லீங்க்கா. நான் என்ன சென்மமுங்க?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முகம் எனக்குள் இருந்து அவளை எட்டிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிழைகளுக்குக் காரணம் கூட்டுப் பயணம்தான் என்று மேலிடம் கண்டுபிடித்து, மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை எல்லா ஸ்டிக்கர்களையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. கூடவே அறுபது பேரைப் பெங்களூருக்கு மாற்றியது. ஏழெட்டு சொல்லத் தெரியாத இன்னும் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பியது. மூட்டை முடிச்சோடு போனவர்கள் ஆளுக்கொரு துண்டு தன்ஷிகாவையும் கொண்டு போனார்கள். கோகிலா கடைசி வாரம் முழுக்க, மிச்சமிருந்தவர்களின் மேசை மேசையாக வந்து கேட்டாள். "என்ற புள்ளயோடது ஏதாச்சும் உங்ககிட்ட இருந்தா, ஒருக்கா கார்ல வந்துட்டுப் போறீங்களா?"

வந்தார்கள். எங்கள் ஆட்கள் இரக்கமில்லாதவர்கள் அல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவின் பினாயில் வாசனையை வைத்திருந்தவர் முதல் ஆளாக ஏறினார். ஊசி குத்தும்போது அலறிய அலறலை வைத்திருந்த பெண், விட்டால் போதும் என்று ஓடிவந்து ஏறினாள். பிளேட்லெட் எண்ணிக்கை எழுதிய சீட்டு, விடியற்காலையில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்ற விதம், மழையில் நனைந்த ஆம்புலன்ஸ், வெள்ளைத் துணி, எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி அவளிடம் வந்தது. சிரிப்பை வைத்திருந்தவர்கள் வரவில்லை. தூக்கத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்கிற கையை யாரோ வைத்திருந்தார்கள், கடைசிவரை அது யாரென்றே தெரியவில்லை. சடை பின்னுகிற பெனடிக்ட் பெங்களூருக்கு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டான். மும்தாஜ் மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தாள், ஆஸ்பத்திரி வாசனை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் மாமியார் அனுப்பவில்லை. கோகிலா மறுபடியும் சாப்பிடுவதை நிறுத்தினாள், இந்தத் தடவை யாருக்காக என்று தெரியாமலே. சாவு முழுசும் அவளிடம் திரும்பிவிட்டது, செத்தவள் மட்டும் திரும்பவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி காலை நான் அத்திப்பாளையம் பிரிவு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். சிவப்புக் கார் ஓரங்கட்டி வந்து என் முன்னால் நின்றது. மூன்று சீட்டும் காலி. கொஞ்சம் பின்னால் ரோட்டோரமாக ஒரு பைக் நின்றது, அதில் சிவராசு ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கோகிலா கண்ணாடியை இறக்கினாள். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

"அவரு எதுக்கு அம்மிணி பின்னாலயே வர்றாரு?" என்றேன்.

"காலையில கதவத் தொறந்து ஏற வந்தாருங்க்கா. எங்கிட்ட இருக்கறதுல பாதிய வாங்கிக்க, உனக்குச் சேர வேண்டியதுதானன்னு. நான் லாக்கப் போட்டுட்டேன். கண்ணாடியத் தட்டித் தட்டிப் பாத்தாரு, நான் தொறக்கல."

"ஏன் சாமி? தொறந்தா உனக்குக் கெடச்சிருக்குமே?"

"முழுசா இருக்கறது அவருகிட்ட மட்டுந்தானுங்க. நான் வேணுமுன்னு நெனச்சா மொகம், சிரிப்பு அம்புட்டும் எங்கிட்ட வந்துரும், அவரு வெறும் ஆளாயிருவாரு. நான் இப்ப இருக்கற மாதிரி. இந்த நெலம அவருக்கு வேண்டாமுங்க்கா." ஒருதரம் திரும்பிப் பைக்கைப் பார்த்தாள். "பாப்பா யாராச்சும் ஒருத்தர்கிட்டயாச்சும் முழுசா இருக்கட்டும். எனக்கு மொகம் மட்டும் கெடச்சாப் போதும். மொத வாரம் ஏறுன மூணு பேருல ஒருத்தர்கிட்டத்தான் அது போயிருக்கோணும். மும்தாஜுகிட்ட இல்லயாம், பெனடிக்டும் போன்ல இல்லைன்னுட்டான்." அவள் பின்கதவை எட்டித் திறந்துவிட்டாள். வெள்ளி நட்சத்திரங்கள் ஒட்டிய கதவு. "லோகாக்கா, உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குதுங்களா?"

ஏறினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவளைவிட அதிகமாக நான் வேண்ட முடியாது. நான் இருபது வருஷம் வேண்டினேன், ஆனால் அவள் பெற்றவள். சிக்னல் வருவதற்குள் அது அவளிடம் போய்விடும், நான் ஆபீஸ் வாசலில் வெறும் வயிற்றோடு இறங்குவேன். மூன்றரை மாதமாக அந்த முகத்துக்குத்தான் நான் காலையில் எழுந்து தலைவாரி விட்டேன். அதற்குத்தான் சிப்ஸ் வாங்கினேன், அது கேட்டதென்று தொட்டிமீன்கூட வாங்கி வைத்தேன். என் வீட்டுக்காரர் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தாலும் வீட்டில் இத்தனை காலத்தில் முதல்முறையாகக் கலகலப்பு இருக்கிறதே என்று ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

"இல்ல அம்மிணி. எனக்கு வந்ததெல்லாம் நெஞ்சடைப்புத்தான். வேற ஒண்ணும் வல்ல."

அவள் என்னைச் சந்தேகப்படக்கூட இல்லை, அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. "நீங்கதான் யாருக்கும் தள்ளாம வச்சிருக்கறீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க்கா. அந்த நெஞ்சடைப்பயாவது குடுங்க, நீங்க எதுக்குச் செமக்கறீங்க?" என்றாள். என் பஸ் வந்துவிட்டது என்றேன். வந்திருந்தது வேறு ரூட் பஸ், அதிலேயே ஏறிக்கொண்டேன். பின்ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கார் கதவு திறந்தபடியே கிடந்தது, சிவராசு பைக்கை விட்டு இறங்கி வந்து வெளியிலிருந்து அதை மூடிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மாரப்பன் பழைய பிளேடும் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு ஸ்டிக்கர்களைச் சுரண்டினான். கோகிலாவின் காரைக் கடைசியாக வைத்துக்கொண்டு, ஆறு மணிவரைக்கும் பார்க்கலாம், யாராவது வருவார்கள் என்று காத்திருந்தான். நான் ஏழாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறேகாலுக்கு அவன் சுரண்ட ஆரம்பித்தான்.

இப்போது பழையபடி ஆளுக்கொரு காரில், ஆளுக்கொரு பாட்டோடு சிக்னலில் நிற்கிறோம். பொங்கலும் கேன்டீனுக்குத் திரும்பி வந்துவிட்டது. கோகிலா வேலைக்கு வருகிறாள், போகிறாள். சிவப்புக் காரைப் பொட்டல்காட்டில் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வருகிறாள். காலையில் சிவராசு பைக்கில் அவள் காருக்குப் பின்னாலேயே அலுவலகம்வரை வந்து, அவள் உள்ளே போனதும் திரும்பிப் போகிறார். பின்னால் வருகிற வண்டிகளைப் பார்க்கத் திருப்பி வைத்த கண்ணாடியில் அவளுக்கு அவர் தெரிவார் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான் அவர்களுக்குள் போக்குவரத்து.

முகம் என்னிடம்தான் இருக்கிறது. சேதமில்லாமல் இருக்கிறது. ஆனால் அது கண்ணாடிக்குள் இருந்து பார்க்கிற முகம், ஓட்டுகிறவளைத் தேடிப் பார்க்கிற முகம். நான் எந்தப் பக்கம் போய் நின்றாலும் அது என்னைத் தாண்டித்தான் பார்க்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து வாய்ப்பாடு கேட்கிறேன். மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஓரெட்டு எட்டு என்று தொடங்கி, ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று வந்து நிறுத்திவிட்டு, யாராவது திருத்துவார்கள் என்று காத்திருக்கிறது. கோகிலா சொன்னதை நினைவில் வைத்து நான் ஐம்பத்தாறு என்கிறேன். அது அந்தக் குரல் இல்லை என்று அதற்குத் தெரிகிறது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மறுபடியும் ஓரெட்டு எட்டு என்று முதலிலிருந்து தொடங்குகிறது.